கன்னிமூலையை அடைத்தோம்

குடியிருப்போர் நலச் சங்கம் என்ற பெயரில் நலம் என்னும் சொல்லைச் சேர்த்தவர் யாராயினும், அவர் அத்தகைய சங்கம் ஒன்றுக்கு ஒருநாளும் செயலாளராக இருந்தவர் அல்லர். நான் நான்கு ஆண்டுகள் இருந்தேன். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்று அறியாதவற்றையெல்லாம் அந்த நான்கு ஆண்டுகளில் அண்டை வீட்டாரைப் பற்றி அறிந்தேன். என்னைப் பற்றியும் சில அறிந்தேன். இரண்டும் மகிழ்ச்சி தருவன அல்ல.

புதுக்கோட்டையிலிருந்து திருவரங்குளம் செல்லும் சாலையில், தைலமரக் காடாய்க் கிடந்த செம்மண் மேட்டைச் சமன்செய்து போட்ட மனைப்பிரிவு எங்களுடையது. மூன்று தெருக்கள், நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட வீடுகள், சுற்றிலும் ஆளுயர மதில், ஒரே வாயில். பூங்கா என்ற பெயரில் நெருஞ்சி மண்டிய வெற்றிடம் ஒன்று. சமன்செய்தார்கள் என்றேன், அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள். உண்மையில் மேட்டில் விழும் மழைநீர் முழுவதும் மூன்று தெருக்களின் வழியாகத் தென்மேற்கு மூலைக்கே ஓடும். அங்கே மதிலின் அடியில் இரண்டு முழ அகலத்தில் ஒரு திறப்பு விடப்பட்டிருந்தது. அதன் வழியே வெளியேறும் நீர், மதிலுக்கு அப்பாலுள்ள வாரி என்னும் ஓடையில் இறங்கிக் கீழூர்க் கண்மாயைச் சேரும். காடாக இருந்த காலத்திலும் அப்படித்தான் ஓடியிருக்கும். அந்தத் திறப்பை நாங்கள் அடைத்தோம்.

நான் செயலாளரானதற்கு என் தகுதி காரணமன்று. வேறெவரும் ஒப்பாமையே காரணம். கல்லூரியில் தமிழ் கற்பித்தவன், பிழையின்றித் தீர்மானம் எழுதுவான் என்று என் தலையில் கட்டினார்கள். தலைவர் திருமயத்துப் பக்கத்து வணிகக் குடும்பத்தவர். சென்னையில் இரும்புக் கடை நடத்தி, அதனை மூத்த மகனிடம் விட்டுவிட்டு, ஊரிலிருந்த பெரிய வீடு பங்காளிகளின் வழக்கில் பூட்டிக் கிடந்தமையால், எங்கள் முதல் தெருவின் முதல் மனையில் வீடு கட்டிக் குடிவந்தவர். பொருளாளர் அரசுப் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்தவர். தலைவர் ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்வதைத் தம் பொறுப்பாகக் கொண்டிருந்தார்.

நாங்கள் கூடிப் பேசியவற்றை இன்று நினைத்தால் நாணமாயிருக்கிறது. மாடியில் உலர்த்திய துணியின் ஈரம் பக்கத்து வீட்டு மகிழுந்தின்மேல் சொட்டியது பற்றி ஒரு மாலை முழுவதும் பேசினோம். மதிலைத் தாண்டிய கொடியில் மல்லிகை பறிக்கும் உரிமை யாருக்கு என்பதற்கு இரண்டு கூட்டங்கள் ஆயின. பேசியோர் எவரும் வறியவர் அல்லர், படியாதவரும் அல்லர். தத்தம் பழைய ஊர்களில் நிலத்துக்கும் கோயில் முதல்மரியாதைக்கும் காட்டிய பகையை அப்படியே மூட்டை கட்டிக் கொண்டுவந்து, காட்ட வேறு பொருளின்மையால், துணிக்கொடியிடம் காட்டினர்.

தலைவரின் இளைய மகனுக்கு முப்பத்துமூன்று வயதாகியும் மணம் கூடவில்லை. பெண்வீட்டார் வருவர், பலகாரம் உண்பர், கைகழுவிவிட்டுப் போய்விடுவர். ஓர் ஆவணி மாதத்தில் மனையடி பார்ப்பவர் ஒருவரைத் தலைவர் அழைத்துவந்தார். அவர் தலைவரின் வீட்டைச் சுற்றிவந்து குறையொன்றும் காணாமல், திசைகாட்டியுடன் தெருவில் இறங்கினார். மூன்று தெருக்களையும் நடந்து கடந்து தென்மேற்கு மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். மனைப்பிரிவு முழுவதையும் ஒரே மனையாகக் கொண்டால் அதன் கன்னிமூலை இது என்றும், உயர்ந்தும் கனத்தும் மூடியும் இருக்கவேண்டிய கன்னிமூலையில் ஓட்டை விழுந்திருப்பதால் உள்ளே இருக்கும் செல்வமும் மணமும் அதன் வழியே வடிந்து போகின்றன என்றும் கூறிச் சென்றார்.

அடுத்த ஞாயிறன்று செயற்குழு கூடியது. திறப்பை அடைத்தால் நீர் எங்கே போகும் என்று கேட்டேன்.

“ஈசானியப் பக்கம் திருப்பிவிட்டுக்கலாம் சார்,” என்றார் தலைவர்.

“திருப்பிவிட்டுக்கலாம்,” என்றார் பொருளாளர்.

ஈசானியமாகிய வடகிழக்கு எங்கள் மனைப்பிரிவின் மேட்டுப் பகுதி. நீர் மேடேறாது என்பதை அறிய எவரும் கல்லூரிக்குப் போகவேண்டியதில்லை. அதனைச் சொன்னேன். ஒருவர் சிரித்தார்; மற்றொருவர் கைப்பேசியை நோக்கினார். முடிவை ஒத்திவைத்து எழுந்தோம்.

தலைவர் என்னுடன் தெருவில் நடந்து வந்தார். பூங்காவின் ஒரு மூலையில் படிப்பகம் ஒன்று கட்டவேண்டும் என்று நான் இரண்டு ஆண்டுகளாக வேண்டிக்கொண்டிருந்தேன். என் நூல்களில் பாதியைத் தருவதாகவும் சொல்லியிருந்தேன். இரண்டு ஆண்டுகளும் அதற்கு அவர் விடையே சொன்னதில்லை. அன்று நெருஞ்சிக் காட்டின் ஓரத்தில் நின்று, தம் கைத்தடியால் ஒரு சதுரத்தைக் காற்றில் வரைந்து காட்டினார்.

“இந்த எடம் போதுமில்ல சார்? கூரைய நான் போட்டுத் தாரேன். பெயர்ப்பலகையில ஒங்க பேரையே போட்டுக்கங்க. அந்தத் தீர்மானத்த மட்டும் நல்லா எழுதிருங்க.”

நான் எழுதினேன். மனையடி என்ற சொல் அதில் ஓரிடத்தும் இல்லை. புதரிலிருந்து பாம்பு முதலிய நச்சுயிர்கள் உட்புகுவதைத் தடுத்தற்பொருட்டும், குடியிருப்போரின் உயிர்ப் பாதுகாப்பைக் கருதியும், தென்மேற்கு மூலையிலுள்ள பயனற்ற திறப்பு அடைக்கப்படும் என்று எழுதினேன். பயனற்ற என்ற அடையைச் சேர்த்தது நானேதான், எவரும் கேட்கவில்லை. எழுதியதைப் படித்துப் பார்த்த என் மனைவி கண்ணாடியைக் கழற்றினார்.

“பாம்பாம்ல? எத்தன பாம்பப் பாத்தீங்க?”

தாளை மடித்துக்கொண்டேன்.

அந்த மூலையை ஒட்டிய வீடு மூன்றாம் தெருவின் கடைசி வீடு. அதில் ஒரு பெண்மணியும் பக்கவாதத்தில் கட்டிலோடு கிடக்கும் அவருடைய மாமனாரும் இருந்தனர். கணவர் குவைத்தில் சரக்குந்து ஓட்டுபவர். பதினோர் ஆண்டு உழைப்பில் எழுந்த வீடு அது. கல்லும் மணலும் வந்திறங்கிய ஒவ்வொரு நாளும் அந்த அம்மையாரே வெயிலில் நின்று பார்த்துக்கொண்டார். கணவரோ தம் வீட்டை ஒரே ஒரு விடுமுறையில் பார்த்திருக்கிறார். மாடி எடுக்கவில்லை. கீழ்த்தளத்தின் கூடமே மாமனாரின் படுக்கையறை.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுக்கு ஓர் எண் என்பது விதி. அந்த எண் வீட்டுத் தலைவருடையதாக இருக்கவேண்டும் என்பது வழக்கம். ஆகவே மூன்றாம் தெருவின் கடைசி வீட்டுக்கான அறிவிப்புகள் யாவும் கடல் கடந்து குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. குழாயில் நீர் வரும் நேரம் மாறினால் அவர் அங்கே அறிவார். இங்கே குடத்துடன் நிற்கும் மனைவி அறியார். என் தீர்மானமும் அவ்வாறே கணவரைச் சென்று சேர்ந்தது. பாம்பு என்ற சொல்லைக் கண்டதும் தந்தையின் கட்டிலை நினைத்திருப்பார் போலும். உடனே கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை இட்டார். அதுவே அந்த வீட்டின் ஒப்புதலாயிற்று.

கொத்தனார் ஒரே நாளில் அடைத்தார். மூலை கனக்கவேண்டும் என்பதற்காக அடைப்பின்மீது நான்கு கருங்கற்களும் ஏற்றப்பட்டன. என்ன வேலை என்று கேட்ட அந்த அம்மையாரிடம் பொருளாளர், எல்லாம் உங்கள் வீட்டுப் பாதுகாப்புக்குத்தான் என்று சொன்னாராம்.

புரட்டாசி முடிவதற்குள் தலைவரின் மகனுக்குத் தேவகோட்டைப் பக்கத்தில் பெண் அமைந்துவிட்டது. வீட்டுக்கு வீடு இனிப்புப் பெட்டி வந்தது. இருபத்தெட்டு இடம் பார்த்து அமையாதது கன்னிமூலையை அடைத்த முப்பதாம் நாள் அமைந்தது என்று பொருளாளர் தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்தார். தைக்கு நாள் குறித்தனர். முன்பு சிரித்தவர்களும் இப்போது அந்தப் பக்கம் போகும்போது கருங்கற்களைப் பார்த்துவிட்டே போயினர். தேர்வுக்குப் படிக்கும் மகளை அழைத்துவந்து அவற்றைத் தொட்டுக் கும்பிடச் சொன்னவரும் உண்டு.

ஐப்பசியில் முதல் பெருமழை விடியலில் தொடங்கி நண்பகல் வரை பெய்தது. மழை சற்றுத் தணிந்தபோது அந்த அம்மையார் என் வீட்டு வாயிலுக்கு வந்தார். முழங்கால் வரை செஞ்சேறு. உள்ளே வரும்படி அழைத்தேன், படியேறவில்லை.

“ஐயா, தண்ணி மூணாவது படிக்கு வந்துருச்சு. இன்னும் ஒரு படிதான் இருக்கு. அந்த அடைப்ப எடுக்கச் சொல்லுங்க.”

செயற்குழுவைக் கூட்டுகிறேன் என்றேன்.

“கூட்டுங்க. நீங்க கூட்டி முடிக்கறதுக்குள்ள எங்க மாமா கட்டில் மெதக்கும்.”

அன்று மாலையே தலைவர் வீட்டு வரவேற்பறையில் கூடினோம். அம்மையாரும் வந்தார், நாற்காலி எவரும் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. தலைவர் மிகுந்த அன்புடன் பேசினார். திறக்கமாட்டேன் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. தைமாதம் திருமணம், அதுவரை பொறுத்தால் போதும், திருமணத்துக்கு மறுநாளே தாமே நின்று உடைத்துவிடுவதாக வாக்களித்தார். மறுநாளே உடைத்துவிடலாம் என்றார் பொருளாளர். அதுவரை நீர் தேங்கினால் மோட்டார் வைத்து மதிலுக்கு அப்பால் இறைத்துவிடலாம் என்றனர்.

“தை வரைக்கும் மழைய நிக்கச் சொல்லுங்க. நானும் பொறுத்துக்கறேன்,” என்றார் அம்மையார்.

பொருளாளர் தம் கைப்பேசியை எடுத்து, குவைத்திலிருந்து வந்த கட்டைவிரலைத் தேடிப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். “ஒங்க வீட்டுக்காரரு சம்மதம் குடுத்திருக்காரும்மா. இந்தா பாருங்க. நாங்க என்ன கேக்காமயா செஞ்சோம்?”

அவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். “அவரு பாம்பு வரக்கூடாதுன்னு போட்டாரு. தண்ணி வரணும்னா போட்டாரு?” என்றவர், பிறகு என் பக்கம் திரும்பினார். “பாம்புன்னு எழுதுனது யாருங்கய்யா?”

பொருளாளர் கைப்பேசியைப் பைக்குள் போட்டார். நான் கூட்டக் குறிப்பேட்டைத் திறந்து தேதியை எழுதினேன்.

மோட்டார் வந்தது. மழை வந்தால் எங்கள் பகுதியில் மின்சாரம் நிற்கும் என்பதைச் செயற்குழுவினர் அனைவரும் அறிவர். ஒவ்வொருவர் வீட்டிலும் அதற்காகவே மின்கல அமைப்பு உண்டு. மூன்று மழைகளில் மோட்டார் ஓடியது ஒருமுறைதான்.

கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் காலை பத்து மணியளவில் மூன்றாம் தெருவில் கூச்சல் கேட்டுக் குடையுடன் போனேன். நீர் அவருடைய கூடத்துக்குள் புகுந்திருந்தது. கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தார். திறந்த கதவின் வழியே, வாய் பேச இயலாத அந்த முதியவர் தம்மைச் சூழ்ந்த நீரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது தெரிந்தது. அம்மையார் தொடையளவு நீரில் மூலையில் நின்றிருந்தார். கருங்கற்களைக் கடப்பாரையால் நெம்பி ஒவ்வொன்றாகத் தள்ளினார். பின்பு அடைப்பை இடிக்கத் தொடங்கினார். மாடிகளில் குடைகள் விரிந்தன. கல்யாண வீட்டுக்காரருக்கு யாராவது போன் போடுங்கள் என்று ஒரு குரல் கேட்டது. எவரும் இறங்கி வரவில்லை. நான் இறங்கியிருக்கலாம், எனக்கும் நீருக்கும் இடையே இருபது அடிதான். வேட்டியை மடித்துக் கட்டியவன், குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். முதுமை என்று சொல்லிக்கொள்ளலாம். என் கைகளுக்கு வலிமை குறைவுதான். ஆயினும் நான் அசையாமல் நின்றதற்கு அது காரணமன்று. நான் எழுதித் தந்த சுவரை நானே இடிப்பதைப் பிறர் பார்ப்பரே என்பதே காரணம்.

கால்மணி நேரம் போயிருக்கும். அடைப்பு ஒரு பக்கமாகச் சரிந்து, நீர் பெருங்குரலோடு வாரியில் பாய்ந்தது. அவர் மதிலைப் பற்றிக்கொண்டு விழாமல் நின்றார்.

மறுநாள் தலைவர் என்னை அழைத்து, பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்தார் என்று அந்த அம்மையார்மீது காவல்நிலையத்துக்கு முறையீடு எழுதித் தரச் சொன்னார். எழுதமாட்டேன் என்றேன். பொருளாளரே எழுதினார். பதினேழு பேர் கையெழுத்திட்டனர்.

அதே வாரத்தில் வேறொன்றும் நடந்தது. படிப்பகத்துக்கென்று தலைவர் கைத்தடியால் வரைந்து காட்டிய இடத்தில் இரண்டு வண்டி கிராவல் மண் வந்து இறங்கியது. திருமணத்துக்கு வருவோரின் வண்டிகளை நிறுத்த அந்த இடம் வேண்டும் என்று சொல்லி மட்டம் செய்துகொண்டிருந்தனர். இதனை நான் மறைக்க விரும்பவில்லை. அடுத்து நான் செய்ததை அறத்தின்பாற் செய்ததாக என் நண்பர் சிலர் பாராட்டினர். அந்த மண்ணைப் பார்த்திராவிட்டால் செய்திருப்பேனா என்பது எனக்கே உறுதியில்லை.

தலைமைக் காவலர் ஒருவர் விசாரிக்க வந்தார். மூலையைப் பார்த்தார், நீர் வடிந்தபின் சுவரில் படிந்திருந்த சேற்றுக்கோட்டைப் பார்த்தார். மனைப்பிரிவின் ஒப்புதல் பெற்ற வரைபடம் எங்கே என்று கேட்டார். அது செயலாளரின் பொறுப்பில் இருப்பது. எடுத்துவர வீட்டுக்கு நடக்கும்போதே தலைவரிடமிருந்து கைப்பேசியில் அழைப்பு வந்தது.

“சார், மேப்பு எங்க வச்சோம்னு தெரியலன்னு சொல்லிருங்க. வேற ஒண்ணும் நீங்க சொல்ல வேணாம்.”

நான் வரைபடத்தை எடுத்துச் சென்று, காவலரின் வண்டியின்மீது விரித்தேன். தென்மேற்கு மூலையில் நீலக் கோடு ஒன்று மதிலைக் கடந்து வாரியைத் தொட்டது. அதன் பக்கத்தில் மழைநீர் வடிகால் என்று எழுதியிருந்தது. அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

“ஏன் சார், இது அரசாங்கம் அப்ரூவல் பண்ணுன வடிகாலுல்ல? இத அடச்சது யாரு?”

அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்த தலைவர் தம் கைத்தடியை நோக்கினார்.

“இந்தம்மா மேல கேசு போட்டா, அதுக்கு முன்னாடி ஒங்க மேல ஒண்ணு போடணும். பரவாயில்லையா? பேசி முடிச்சுக்கங்க.” வரைபடத்தைச் சுருட்டி என் கையில் தந்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் சினம் இருந்தது. அதனினும் மிகுதியாக வியப்பு இருந்தது. விலை பேசி வாங்கிய பொருள் எதிர்த்துப் பேசியதைக் கண்டவரின் வியப்பு அது.

எல்லாரும் கலைந்தபின் அம்மையாரிடம் போனேன். இனி எவரும் அடைக்க முடியாது என்று சொன்னேன். நன்றியை எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் பொய்யாகும். அவர் கம்பிக் கதவுக்குப் பின்னால், ஈரமான மெத்தையைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் படம் எப்ப இருந்து ஒங்ககிட்ட இருக்குங்கய்யா?”

செயலாளரான நாளிலிருந்து என்றேன்.

“அப்ப, அடைக்கிறப்பவும் இருந்துச்சு.”

அது கேள்வியன்று. மெத்தையின் மறுபக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனார். வீடு திரும்பி மனைவியிடம் சொன்னேன். “சரியாத்தான கேட்டிருக்கா,” என்றார் அவர்.

நான் போகாத மார்கழிப் பொதுக்குழுவில் செயலாளர் பொறுப்பிலிருந்து என்னை நீக்கினர். வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் அன்றே நீக்கினர். அதற்குக் கட்டைவிரல்கள் இருபதுக்குமேல் உயர்ந்தனவாம். அதே பொதுக்குழுவில் மூன்றாம் தெருக் கடைசி வீட்டு அம்மையார் எழுந்து நின்று, கணவரின் எண்ணை எடுத்துவிட்டுத் தம் எண்ணைச் சேர்க்கும்வரை உட்காரமாட்டேன் என்று நின்றிருக்கிறார். சேர்த்தார்கள். இப்போது எந்த அறிவிப்பு வந்தாலும் அதன்கீழ் அவருடைய வினா ஒன்று நிற்கிறது என்று கேள்விப்படுகிறேன். எதற்கு, எவர் சொல்லி, எவ்வளவு நாளைக்கு. குழு முன்போல் களிப்பாக இல்லை என்று பொருளாளர் வருந்துகிறாராம்.

தலைவரின் மகனுக்குத் தையில் குறித்த நாளில் திருமணம் நடந்தது. என் வீட்டுக்கும் அம்மையார் வீட்டுக்கும் அழைப்பு இல்லை. மணமக்கள் சென்னையில் நன்றாக இருக்கிறார்கள். கன்னிமூலை திறந்தே கிடக்கிறது. அதனால் எவர் வீட்டிலிருந்தும் செல்வம் வடிந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் நாங்கள் தவறு செய்தோம் என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. தலைவரும் நானும் காலை நடையில் எதிர்ப்படும்போது, அவர் மதிலை நோக்குவார். நான் தரையை நோக்குவேன்.

இந்த ஆண்டும் மழை தொடங்கிவிட்டது. எஞ்சி நிற்கும் தைலமரங்களின் சருகு நீரோடு வந்து திறப்பின் வாயில் அடைத்துக்கொள்ளும். மழை விட்டதும் நான் போய்க் குனிந்து, ஒரு கழியால் அவற்றை வாரி மதிலோரம் ஒதுக்கிவிட்டு வருகிறேன். அம்மையார் சன்னலில் நின்று பார்ப்பார். நான் தெருமுனையைக் கடந்ததும் அவர் மண்வெட்டியுடன் இறங்கி வருவார். நான் வாரிய இடத்தையே முதலிலிருந்து மறுபடி வாருவார்.